தெளிவாக விழுந்த ரேகைகள்

தொலைக்காட்சியில் அவ்வப்போது ஒரு விவாதம் வருகிறது. வெளிநாட்டில் பணத்தைப் பதுக்கியவர்கள், அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட வங்கிகள். அபராதத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா, வழக்குப் போட்டுக் கூண்டில் ஏற்ற வேண்டுமா என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என் கணவர் ஒலியைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "பேங்க்காரம்மா என்ன சொல்றீக?" என்பார். முப்பத்தோரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவள் என்பதால் வரும் கேள்வி. வழக்குப் போட வேண்டும் என்பதே என் பதில். அந்தப் பதிலுக்கு நான் வந்து சேர்ந்த இடம் சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் இடையே, கடலோரச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் வங்கிக் கிளையின் இரண்டாம் எண் கவுண்டர். அதைச் சொல்ல விவாத நிகழ்ச்சியின் நேரம் போதாது.

எனக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் என் கவுண்டருக்கு வந்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவர் கேரளத்தில் விசைப்படகு வேலைக்குப் போய்விட்டு ஆண்டுக்கு இருமுறை வருவார். ரேஷன் கடையில் பலமுறை முன்னும் பின்னுமாக நின்றிருக்கிறோம். வங்கிக்குள் அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"யக்கா, எம் பேர்ல இங்கன எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"பாஸ்புக் கொண்டாந்திருக்கியா?"

"பாஸ்புக்கா? எனக்குத்தான் இங்கன கணக்கே கெடையாதே. எங் கணக்கு கூட்டுறவு பேங்க்ல."

"பின்ன இங்க எதுக்கு வந்த?"

"ஈ-சேவையில அந்தப் பிள்ளை சொல்லுதுக்கா. ஒங்க பேருக்கு லட்சக்கணக்குல டெபாசிட் கெடக்கு, அதான் மாசக்காச நிப்பாட்டிட்டாகன்னு. இருந்தா எடுத்துக் குடுங்க. நாளைக்கே வீட்டுக்குத் தளம் போட்டுர்றேன்."

பின்னால் நின்ற மீன்காரப் பெண் உரக்கச் சிரித்தாள். "ஏ மதினி, தளம் போட்டது போக மிச்சத்தை இங்கிட்டுத் தள்ளு. எங்க வீட்டுல ஓடு ஒழுகுது."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அவளுடைய ஆதார் எண்ணைத் தட்டினேன். திரையில் அவள் பெயர் வந்தது. அதன் கீழே, மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு வரும் ஒரு வைப்புத்தொகை. தொடர்பு எண்ணாக இருந்த கைபேசி எண் எனக்கு மனப்பாடம். உப்பள முதலாளியின் அலுவலக எண் அது.

"கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு, நாளைக்கு வா" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய்.

அவள் மாசக்காசு என்று சொன்னது, குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் ஆயிரம் ரூபாயை. வருமான வரம்பைத் தாண்டிய குடும்பத்துக்கு அது கிடையாது. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை உப்பளம் நீரில் மூழ்கிக் கிடக்கும். பாத்தியும் வரப்பும் ஒன்றாகிவிடும். ஒருவருக்கும் கூலி இல்லை. அந்த நாட்களில் அரிசியும் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் குடிநீரும் அந்த ஆயிரத்தில்தான் வந்துகொண்டிருந்தன. அவள் என்னிடம் வந்தது புரட்டாசிக் கடைசியில்.

அந்த வைப்புத்தொகை எப்படி அவள் பெயரில் வந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் அன்று வரை இருந்தேன்.

முதலாளிக்கு உப்பளங்கள், இறால் பண்ணை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம். இவை கொடுத்த பணத்தில் கணக்கில் காட்டியது போக மீதிக்கு ஓர் இடம் வேண்டும். ஒரே பெயரில் போட்டால் வட்டிக்கு வரி பிடிக்கும். வரித்துறையின் கண்ணும் விழும். ஆகவே அது இருபத்து மூன்று பெண்களின் பெயரில் பிரிந்தது. ஒவ்வொருவர் பெயரிலும், வட்டி வருமான வரி வரம்பைத் தொடாத அளவுக்கு மட்டும். தன் வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வைப்பாளர் ஆண்டுதோறும் எழுதித் தரும் உறுதிமொழி ஒன்று உண்டு. வங்கியில் அதைப் பதினைந்து-ஜி என்போம். ஏப்ரல் பிறந்ததும் முதலாளியின் கணக்குப்பிள்ளை அந்தப் படிவங்களை ஒரே கட்டாகக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். மேலாளர் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மேடம், அதை இன்னைக்கே முடிச்சிடுங்க" என்பார். நான் ஒவ்வொன்றிலும் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.

அந்தப் பெண்களின் ஆதார் நகல் முதலாளிக்குக் கிடைத்ததில் மர்மம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் தீபாவளிக்கு அவர் உப்பளத்துப் பெண்களுக்குச் சேலை கொடுப்பார். சேலை வாங்க ஆதார் ஜெராக்ஸும் ஒரு போட்டோவும் கொண்டுவர வேண்டும். ஒருவருக்கே இரண்டு சேலை போய்விடக் கூடாதல்லவா என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணம். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், கேஸ் சிலிண்டருக்குக் கேட்கிறார்கள், சேலைக்குக் கேட்டால் என்ன? கூடவே, கணக்குத் தொடங்கும் தாள் ஓரிரண்டில் கைநாட்டும் வாங்கியிருக்கலாம். அவர்களுக்கு நினைவில்லை.

அன்று மாலை, வாடிக்கையாளர் நேரம் முடிந்ததும், பழைய படிவக் கட்டை எடுத்து என் மேசைமேல் விரித்தேன். இருபத்து மூன்று கைநாட்டுகள். ஒவ்வொன்றும் அச்சிட்டதுபோல் தெளிவாக விழுந்திருந்தது. சுழி, வளைவு, கோடு எல்லாம் எண்ணிவிடலாம்.

ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி வந்த பிறகு உப்பளத்துப் பெண்கள் படும் பாடு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்கில் உப்புநீரில் ஊறிய விரல். பலகை பிடித்து உப்பை வாரி வாரித் தேய்ந்த விரல். கண்ணாடிமேல் வைத்தால் கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். விரலைப் புடவையில் துடைப்பார்கள், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றுவார்கள், மறுபடி வைப்பார்கள். மறுபடியும் சிவப்பு. "ஏலே, நேத்து வரைக்கும் நான்தாண்டா, இன்னைக்கு மட்டும் வேற ஆளா?" என்று இவள் கடைக்காரனிடம் கேட்டது என் காதில் இருக்கிறது. அப்போது அவளுக்கு அடுத்து நின்றவள் நான். என் விரல் வைத்தவுடன் பச்சை விளக்கு எரிந்தது.

ஆக, வரிசையில் நின்று நான் கண்ணால் பார்த்த விரலும் மேசையில் நான் சரிபார்த்த ரேகையும் ஒருவருடையவை அல்ல. இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி தேவையில்லை. மூன்று ஏப்ரல்கள் அந்தக் கட்டு என் கைவழியே போயிற்று. இரண்டாம் ஆண்டே ஒருமுறை என் பேனா நின்றது; "எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது" என்று நினைத்தேன். பிறகு எழுதினேன். அந்த ஆண்டு எங்கள் கிளை வைப்புத்தொகை இலக்கைத் தாண்டியதற்காகத் தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்தது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹாட்பாக்ஸ். எங்கள் வீட்டில் இன்றும் அதில்தான் இட்லி வைக்கிறோம்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். அவர் எங்கள் பக்கத்துக்காரர் அல்லர், மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊழியர் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வருவார்.

"மேடம், இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். நாம இல்லேன்னா அடுத்த தெரு பேங்க் வாங்கிப் போட்டுக்கும்."

"அந்தப் பொண்ணுக்கு உதவித்தொகை நின்னு போச்சு சார்."

"அப்படியா? சரி, அந்த ஒரு டெபாசிட்டை மட்டும் க்ளோஸ் பண்ணச் சொல்லிடறேன். பிரச்சினை முடிஞ்சுது."

சொன்னபடியே மூன்றாம் நாள் அது முடிக்கப்பட்டது. பிரச்சினை முடியவில்லை. மூன்று ஆண்டு வட்டி அவள் பெயரில் வரித்துறையின் பதிவில் ஏறியிருந்தது. கணக்கை மூடினால் கடந்த காலம் அழியாது. கூடவே, இவ்வளவு பெரிய வைப்புத்தொகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, கணக்குத் தாக்கல் செய்யவில்லை ஏன் என்று ஒரு நோட்டீஸும் அவளுக்கு வந்தது. அதை அவள் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். இனி வங்கிக்கு வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேலை, ஜெராக்ஸ், வைப்புத்தொகை, ரேகை. என் கையெழுத்தையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று.

"அப்ப அந்தக் கைநாட்டு யாருதுக்கா?"

"தெரியல. கணக்குப்பிள்ளையுதா இருக்கலாம்."

"இருபத்து மூணு பேருக்கும் அவர் ஒத்தக் கையா?" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

நான் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தாள், டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள், போய்விட்டாள். ஐந்து நாட்கள் வரவில்லை. அந்த ஐந்து நாட்களில் நான் இரவில் படிக்கப் புத்தகம் எடுத்தால் பக்கம் நகரவில்லை. எடுக்காமலும் இருக்க முடியவில்லை.

ஆறாம் நாள் வந்தவள் வாசலிலேயே தொடங்கிவிட்டாள். கணக்குப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். முதலாளி தம் கையிலிருந்து மாதம் இரண்டாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அரசு கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. நோட்டீஸையும் அவரே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார். யாராவது கேட்டால், அந்தப் பணத்தைத் தன் பெயரில் போடத் தானே சம்மதித்ததாக அவள் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிச்சுட்டேன், வேண்டாம்க்கா."

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரம்தான். அவுக குடுத்தா நான் சாகுந்தட்டியும் அவுக அளத்துலதான் கெடக்கணும். ஒரு நா ஒடம்பு முடியலன்னு படுத்தா அந்த மாசம் கெடையாது. எதுத்து ஒரு வார்த்தை பேசினாக் கெடையாது. கவர்மெண்டுக் காசு அப்படியா? நான் எங்கன கெடந்தாலும் வரும். ஆருக்கும் கும்பிடு போட வேணாம்." பிறகு, நோட்டீஸை என் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்க. அது எம் பணம் இல்லைன்னு எழுதுங்க. நீங்கதானே எழுதினீக, நீங்களே எழுதுங்க."

மற்றப் பெண்களில் சிலர் முதலாளி தந்ததை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

அந்த இரவே எழுதிவிடவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நின்றுபோன உதவித்தொகைக்கான மேல்முறையீட்டு மனு கடலாடி தாலுகா அலுவலகம் வழியே போகும், விசாரணை வந்தால் வரித்துறைக்குப் போகும், அங்கிருந்து படிவங்களுக்கு, படிவங்களிலிருந்து எனக்கு. ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வர இருந்த நேரம். என் கணவரிடம் சொன்னேன். கணிதக்காரர், ஒரு தாளை எடுத்து, எது எது போகக்கூடும் என்று வரிசையாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதை என்னிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எழுது" என்றார்.

மனுவை எழுதினேன். அந்தப் பணம் தன்னுடையது அல்ல, தனக்குத் தெரியாமல் தன் பெயரில் போடப்பட்டது, உறுதிமொழிப் படிவங்களில் உள்ள கைநாட்டுத் தன்னுடையது அல்ல. கீழே அவள் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. உள்ளே கோடு ஒன்றும் இல்லை. என் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இன்னும் பயம் இருந்தது.

பயத்தால் பயன் இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ராமநாதபுரம் வருமானவரி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, இருபத்தெட்டு முப்பது வயதுப் பெண், எங்கள் கிளையில் ஒருநாள் முழுதும் கோப்புகளைப் பார்த்தார். மறுவாரம் எங்கள் இருவரையும் தம் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். முதலில் மனுவை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் பதினைந்து-ஜி படிவம் ஒன்றை வைத்தார்.

"மேடம், இந்த மனுவுல 'சரி' எழுதியிருக்கிறதையும், இந்தப் படிவத்துல 'சரிபார்க்கப்பட்டது' எழுதியிருக்கிறதையும் பாருங்க. ரெண்டும் ஒரே கை."

சின்ன வயதிலிருந்து என் கையெழுத்தைப் பாராட்டாத ஆசிரியர் இல்லை. முத்துமுத்தாக, எங்கு பார்த்தாலும் அடையாளம் தெரிகிற மாதிரி எழுதுவேன். பெயரை மறைத்தவள் கையை மறைக்க மறந்துவிட்டேன்.

"என் கைதான்" என்றேன்.

அதிகாரி மைப்பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் விரலை ஒற்றி ஒரு வெள்ளைத்தாளில் வைத்தாள். வட்டம்தான். மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் வட்டம்.

"மெதுவா, உருட்டி வைங்கம்மா."

"எப்படி வச்சாலும் இப்படித்தான் தாயி விழும். ரேஷன் கடை மெஷினுக்கே என்னையத் தெரியாது. ஒங்க தாளுக்கா தெரியப் போகுது?"

அதிகாரிக்கு முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் படிவத்தையும் வெள்ளைத்தாளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, நான் சொல்லப்போவது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்பதை நிதானமாக விளக்கினார். தவறான உறுதிமொழிக்கு உடந்தையாக இருந்தவரும் குற்றவாளிதான். என்னைச் சாட்சியாக வைப்பதா எதிரியாகச் சேர்ப்பதா என்பதை மேலிடம் முடிவு செய்யும். நான் வாக்குமூலம் கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு பேனா நின்றதையும் சொன்னேன். தட்டச்சு செய்தவர் அந்த வரியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பின் நடந்தவை சுருக்கமானவை. மேலாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். எனக்கு வங்கி குற்றக் குறிப்பாணை கொடுத்தது. ஓய்வுபெற்றபோது பணிக்கொடை நிறுத்திவைக்கப்பட்டது. இன்னும் வரவில்லை. தலைமை அலுவலகம், இது ஒரு கிளையின் தனிப்பட்ட தவறு, வங்கியின் நடைமுறை அல்ல என்று பதில் எழுதியது. கேடயம் கொடுத்தபோது அது கிளையின் தனிப்பட்ட சாதனை என்று அவர்கள் எழுதவில்லை. எங்கள் வைப்புத்தொகை வளர்ச்சியைத் தங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே கைபேசி எண்ணில் இருபத்து மூன்று வைப்பாளர்கள் இருப்பதைக் கண்டு எச்சரிக்க ஒரு கணினியால் முடியும். கண்டு எச்சரித்ததா, எச்சரித்து யாராவது அதை நகர்த்தி வைத்தார்களா என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

முதலாளி ஒரு நாள் என் வீட்டுக்கே வந்தார். கோபமாக வரவில்லை. மாம்பழக் கூடையோடு வந்தார். கூடையைத் திருப்பி அனுப்பியதும் வருந்தினார்.

"யம்மா, நீங்க நாலெழுத்துப் படிச்சவுக. நான் ஆரு குடியக் கெடுத்தேன், சொல்லுங்க. கோடையில இந்த ஊருக்குத் தண்ணி லாரி விடுறது ஆரு? நான்தான். வரி வாங்குறவுகளா விடுறாக?"

"அந்த லாரி எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு யார் சொல்றது?"

"நான்தான் சொல்றேன். என் லாரி."

"அதுதாங்க."

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை, அல்லது விளங்கியும் முக்கியமாகப் படவில்லை. எழுந்திருக்கும்போது சொன்னார், கட்ட வேண்டிய வரி, வட்டி, அபராதம், அதற்கு மேல் என்ன சொன்னாலும் கட்டத் தயார் என்று. சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். பணத்தைக் கட்டி, வழக்கில்லாமல் இணக்கமாக முடித்துக்கொள்ள மனு கொடுக்கலாம். அவர் கொடுத்தார். அதை ஏற்றிருந்தால் கருவூலத்துக்கு ஒரு பெரிய தொகை உடனே வந்திருக்கும். வழக்கு நடத்தினால் ஆண்டுகள் ஆகும், செலவாகும், கடைசியில் விடுதலையாகவும் கூடும். விவாத நிகழ்ச்சியில் கண்ணாடி போட்ட ஒருவர் எப்போதும் இதைத்தான் சொல்கிறார். பணம் வந்துவிட்டால் நாட்டுக்கு நல்லதுதானே என்கிறார். அவர் சொல்வதில் கணக்குத் தவறு இல்லை.

அந்த இணக்க மனு நிலுவையில் இருந்த நாட்களில் அதிகாரியிடம் நான் ஒன்றைக் கேட்டேன். முதலாளி எல்லாவற்றையும் கட்டிவிட்டால், அந்தப் பணம் அவள் பெயரில் எப்படி வந்தது என்று எங்காவது எழுதப்படுமா? அதிகாரி, துறையின் கோப்பில் இருக்கும், ஆனால் அது வெளியே வராது, அவர் தவறை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது என்றார். அதாவது பணம் இரண்டு தரப்புக்கிடையே கைமாறும். அவள் விரல் அந்த இரண்டு தரப்பிலும் இருக்காது. மூன்று ஆண்டுகள் லட்சக்கணக்கில் வட்டி வாங்கிவிட்டு ஏழைப்பணத்துக்கும் கைநீட்டியவள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் அவளைப் பார்த்து, "லட்சாதிபதி வாராக, வழி விடுங்கடி" என்று ஒருத்தி சொன்னதை அவளே என்னிடம் நடித்துக் காட்டினாள். நன்றாக நடித்தாள். அன்று எங்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். பசியில்லை என்று போய்விட்டாள். ஐந்து நிமிடம் கழித்து, மறந்துபோன குடையை எடுக்க வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

இணக்க மனு ஏற்கப்படவில்லை. ஏழைகளின் பெயரைப் பயன்படுத்தியதாலும், பல ஆண்டுகள் தொடர்ந்ததாலும் என்று காரணம் சொன்னார்கள். மதுரை நீதிமன்றத்தில் புகார் தாக்கலாயிற்று. முதலாளி முதல் எதிரி, கணக்குப்பிள்ளை இரண்டாவது, மேலாளர் மூன்றாவது. நான் சாட்சி. நான்காவது எதிரியாக என் பெயர் இருந்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன். வங்கியின் பெயர் அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். மேலாளர் தம் ஊதியத்தைத் தாண்டி ஒரு ரூபாயும் தொட்டதாக யாரும் சொல்லவில்லை. அவர் செய்தது வங்கிக்காக.

இதற்கிடையில் வரித்துறை தாலுகாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது, வைப்புத்தொகை அவளுடையது என்பது விசாரணையில் மறுக்கப்பட்டுள்ளது என்று. மேல்முறையீட்டைத் தீர்மானிக்கும் கோட்டாட்சியர் அலுவலகம் அதைப் படித்துவிட்டு, வழக்கில் அவள் சாட்சியம் பதிவானதும் நகலோடு உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் அனுப்பியது. ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் போயிற்று. அரிசிக்கும் தண்ணீருக்கும் அவள் என்னிடம் கேட்கவில்லை. நான் கொடுத்ததையும் வாங்கவில்லை. முதலாளியின் உப்பளத்தை விட்டுச் சாயல்குடிப் பக்கம் வேறொரு அளத்துக்குப் பேருந்தில் போய்வந்தாள். கூலியில் பாதி பேருந்துக்கே போயிற்று. தையில் ஒருநாள் மட்டும் வாசலில் நின்று கேட்டாள்: "யக்கா, ஒங்க வீட்டுக் கெணத்துல ரெண்டு கொடம் எடுத்துக்கவா? இது கடனில்ல. கெணறு நீங்க பேங்க்ல கையெழுத்துப் போட்டு வந்தது இல்லையில்ல." நான் வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சாட்சியம் பதிவான நாளில் இருவரும் விடியற்காலைப் பேருந்தில் மதுரைக்குப் போனோம். பரமக்குடி வரை அவள் தூங்கினாள். பிறகு விழித்து, கூண்டில் கேள்வி கேட்டால் உட்கார்ந்து பேசலாமா நின்றுதான் பேசணுமா என்று கேட்டாள். நின்றுதான் என்றேன். "அது கெடக்கு, பாத்தியில நாள் முச்சூடும் நிக்கிறதுதான" என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் சேலையைப் பற்றிக் கேட்டார். வருடாவருடம் வாங்கினீர்களா? வாங்கினேன். இலவசமாகவா? ஆமாம். அப்படியானால் முதலாளி உங்களுக்கு நல்லதுதானே செய்தார்?

"சீலை நல்ல சீலைதாங்க" என்றாள் அவள். "இப்பக் கட்டியிருக்கேனே, இது அவுக குடுத்ததுதான். அதுக்காக எங் கையை எடுத்துக்கிற முடியுமா?"

நீதிபதி தலை குனிந்து எழுதினார். என் முறை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளப்பட்டது. இன்னும் சில நாட்களில் அது வருகிறது. என்னிடம் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது நான்கு வரிதான்.

சாட்சியத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் நீதிமன்ற எழுத்தர் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அந்தப் பணம் என்னுடையது அல்ல, அந்தக் கைநாட்டு என்னுடையது அல்ல என்ற இடத்தில் அவள், "அத இன்னொரு வாட்டி வாசிங்கய்யா" என்றாள். அவர் வாசித்தார். பிறகு மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் விரலை ஒற்றித் தாளில் வைத்தாள்.

"சரியா விழலையேம்மா. இன்னொரு தடவை வைங்க."

"இதுதாங்கய்யா எங் கை. இதுக்கு மேல விழாது."

அந்த ரேகையின் கீழே, இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை என்று எழுதிச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அந்த எழுத்தர். வயதானவர், அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு வழக்குக் கட்டுகள் காத்திருந்தன. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்துத் திருப்பி விரலைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். அதன் பிறகே கையெழுத்திட்டார்.